சிவப்பு நாற்காலியிலிருந்து பார்த்தால்

"பேய் எவ்வளவு உயரம் இருந்துச்சு?" என்று அத்தை கேட்டாள்.

துணிக்கடைக்கு வந்து கேட்கிற கேள்வியா இது என்று அவளோடு வந்திருந்த ரேடியோ என்கிற பையனுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே நின்ற டிசைனர், கடையின் சொந்தக்காரி, சிரிக்கவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டப் பார்த்தாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி எக்கினாள், அப்போதும் எட்டவில்லை. ஆள் அவ்வளவு சிறிசு. கடைசியில் கையைத் தொங்கப் போட்டுவிட்டு முன்னால் காட்டினாள்.

"அந்தக் கடைசி வளைவு தெரியுதா மேடம்? அதுல தலை முட்டுற உயரம்."

ரேடியோ அவள் காட்டிய பக்கம் பார்த்தான். வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கை அப்படியே முழுங்கினான்.

கடை என்று சொன்னார்கள். உள்ளே வந்தால் நாடகக் கொட்டகை. சுவரெல்லாம் கறுப்புத் துணி, ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. நடுவில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி, தரையோடு ஆணி அடித்து இறுக்கியிருந்தது. அதற்குப் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. நாற்காலிக்கு எதிரே இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டிய சிவப்புத் திரை, திரைக்கு நடுவே ஒரு நடைபாதை. வளைவுக்குப் பின்னால் வளைவு, அதற்குப் பின்னால் இன்னொரு வளைவு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவின் கீழும் முகமில்லாத ஒரு பொம்மை, டிசைனர் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு, மங்கலான ஒரு விளக்கைச் சுமந்து நின்றது. கடைசிப் பொம்மை எங்கோ தொலைவில், விரல் அளவுக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தொலைவில், தலை முட்ட நிற்கிற ஒரு பெண்! ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். பனைமர உயரம் வந்தது.

இந்த இடத்தில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அத்தை ஒரு துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவளும், அவளுடைய அண்ணன் மகனும்தான் மொத்த நிலையமும். அண்ணன் மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாயை மூடத் தெரியாத காரணத்தால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். அத்தைக்கு அவன் மேல் பிரியம் அதிகமானால் "மருமகனே" என்பாள். கோபம் அதிகமானாலும் அதுவேதான்.

"ஒருத்தன் தோள்மேல இன்னொருத்தன் ஏறி நின்னிருப்பான் அத்தை" என்றான் ரேடியோ. "சர்க்கஸ்ல பார்த்திருக்கேன்."

"நீ கொஞ்சம் சும்மா இரு மருமகனே." அத்தை டிசைனர் பக்கம் திரும்பினாள். "யாருன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கலை மேடம். தெரியும். எங்க அக்கா."

அதைச் சொன்ன குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் ரேடியோவை உலுக்கியது.

"அக்கா செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவ நல்ல உயரம், அப்பாவை உரிச்சு வெச்சிருப்பா. நான் அம்மா மாதிரி. வீட்டுல அவளை விளக்குக் கம்பம்னுதான் கூப்பிடுவோம். நான் தைக்கிறது எல்லாத்தையும் முதல்ல அவதான் போட்டு நடந்து காட்டுவா. கடைசியா அவளுக்குன்னு நீலத்துல ஒண்ணு தைச்சேன். முதுகுக்குக் கொக்கி போதலை. 'போய் வாங்கிட்டு வாடி'ன்னு நான்தான் அனுப்பினேன். திருப்பத்துல ஒரு லாரி..." கண் கடைசி வளைவுக்குப் போனது. "வந்து நிக்கிறவ அந்த நீலத்தைத்தான் போட்டிருக்கா."

"முகம் பார்த்தீங்களா?"

"இல்லை. வெளிச்சம் அவ நெஞ்சு வரைக்கும்தான் விழுது. அதுக்கு மேல இருட்டு. கண்ணு மட்டும் மின்னிச்சு. ஆனா அவ என்னைப் பார்க்கலை மேடம்."

"அப்புறம்?"

"நான் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேல, எனக்குப் பின்னால யாரையோ பார்த்துக்கிட்டு நின்னா. பார்த்த மூணு தடவையும் அப்படித்தான். ஒரு அடிகூட முன்னால வரலை."

ரேடியோ அனிச்சையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் கண்ணாடியில் இன்னொரு ரேடியோ வெளிறிப்போய் நின்றிருந்தான்.

"எப்பல்லாம் வர்றா?"

"மத்தியானம். ஆளுங்க எல்லாம் சாப்பிடப் போனதும் முன்பக்க விளக்கை அணைச்சிடுவாங்க. அந்த நேரத்துல வழக்கமா நான் மாடியில தையல் அறையில இருப்பேன். என்னைக்காவது மனசு சரியில்லைன்னா இங்கே வந்து உட்காருவேன். அப்பதான்." டிசைனர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத முகம் அது. "நாளைக்குக் கடை திறப்பு. அவளை அனுப்பிச்சுக் கொன்னுட்டு, அவ நடந்து காட்டின உடுப்பை எல்லாம் வெச்சு நான் கடை திறக்கிறேன். அவளுக்கு அது பொறுக்கலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் உறுதியாத் தெரியணும் மேடம். அது அக்காதானா? ஆமான்னா இன்னிக்குச் சாயங்காலமே இது எல்லாத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் நான் ஊசியைத் தொட மாட்டேன்."

சின்ன உடம்பு, சின்னக் குரல். ஆனால் சொன்னால் செய்கிறவள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ரேடியோவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது.

வாசல் கதவு திறந்தது. ஒரு சின்ன அம்மாள் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். கல்லா மேஜை அவள் மோவாய்க்கு நின்றது. கேரியரை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. நடைபாதைப் பக்கம் மட்டும் ஒரு கணம் கண் போய் வந்தது. வந்த வழியே போய்விட்டாள்.

"அம்மா" என்றாள் டிசைனர். "முன்னல்லாம் வாசல்லயே நின்னு 'சாப்பிட்டீங்களாடி'ன்னு கத்துவாங்க. அக்கா போனதுல இருந்து என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. வெச்சிட்டுப் போயிடுவாங்க. நான்தான் அனுப்பினேன்னு அவங்களுக்குத் தெரியும்."

அத்தை கேரியரைத் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே?"

"ரெண்டு பேர் சாப்பாடு. பழக்கம் போல. ஒரு பங்கு அப்படியே திரும்பிப் போகும்."

அத்தை கேரியரைக் கீழே வைத்தாள். வைத்த விதத்தில் ஒரு மரியாதை இருந்ததை ரேடியோ கவனித்தான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடக் கிளம்பினார்கள். டிசைனரும் மாடிக்குப் போனாள். யாரோ முன்பக்க விளக்கை அணைத்தார்கள். நாற்காலியும் கண்ணாடியும் இருட்டில் மூழ்க, நடைபாதை விளக்குகள் மட்டும் எரிந்தன.

"சரி, போய்ப் பார்த்துடலாம்" என்று ரேடியோ முதல் வளைவுக்குள் காலைத் தூக்கினான். வீரம் ஒன்றும் இல்லை. அத்தை முன்னால் போய்விட்டால் பின்னால் தனியாக நிற்க வேண்டுமே என்ற கவலைதான்.

"எவன்டா அது? செட்டுல காலை வெச்சா காலை உடைச்சிடுவேன்!"

திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் பாய்ந்து வந்தார். பெரிய தொந்தி, காதில் பென்சில், சட்டையெல்லாம் பெயிண்ட். இந்தக் கடையைக் கட்டிய செட்டுக்காரர். ஆயுசு பூராவும் நாடகத்துக்கு செட் போட்டவர். கடைக்குப் போடுவது இதுதான் முதல் தடவையாம்.

"உள்ளே போறதுக்கு இல்லை தம்பி இது. பார்க்கிறதுக்கு. நாற்காலியில உட்கார்ந்து பாரு, போ."

"பெயிண்ட் காயலையா?"

"காய்ஞ்சாச்சு."

"அப்புறம் என்ன? போனா என்ன ஆகும்?"

"போகக் கூடாது. அவ்வளவுதான். டிசைனர் அம்மாவையே நான் விட்டது இல்லை. முடிவே இல்லாத ஒரு நடைபாதை வேணும்னு கேட்டாங்க. கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன்னு கேட்கக் கூடாது. எந்த நாடகத்துலயும் முதலாளியை நான் மேடைக்குப் பின்னால விட்டது கிடையாது." மூக்கு விடைக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், காவல்காரர் மாதிரி.

ரேடியோ அத்தையின் காதருகே குனிந்தான். "இவர்தான் அத்தை. சந்தேகமே இல்லை. ஒருத்தன் ஒளிக்கிறான்னா..."

"நாளைக்குக் கடை திறக்கலைன்னா முதல்ல பிரிஞ்சு போறது இவரோட வேலைதான். தான் கட்டின வீட்டை இவரே கொளுத்துவாரா? நீ போய் நாற்காலியில உட்காரு. சொன்னாரில்லே?"

உட்கார்ந்தான். எதிரே அந்த நடைபாதை ஆழமாகத் திறந்து கிடந்தது. பொம்மைகளுக்கு முகம் இல்லை. இருந்தாலும் எல்லாம் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. இருட்டில் புதுப் பெயிண்ட் வாசனையும் துணி வாசனையும் கலந்து வந்தன. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. செத்துப்போன ஒருத்தி வந்து நின்றால் இப்படி ஒரு இடத்தில்தான் வந்து நிற்பாள் என்று அவனுக்கே பட்டது.

அப்போது கடைசி வளைவில் ஏதோ அசைந்தது.

கறுப்பாக, நாலு காலில். பொம்மையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு மிருகம். அதன் கண்கள் இரண்டும் பச்சையாக எரிந்தன. கன்றுக்குட்டி அளவுள்ள அந்த மிருகம் வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அவனை நோக்கி நடந்து வந்தது.

ரேடியோ கத்தினான். ஓட நினைத்தான், கால் வரவில்லை. மிருகம் வளைவு வளைவாகக் கடந்து வந்தது. ஆனால் கிட்டே வர வர அதற்கு என்ன ஆனதோ, பெரிதாக வேண்டியது பெரிதாகவே இல்லை. பக்கத்தில் நின்ற பொம்மைகளைப் பார்த்தால் சிறுத்துக்கொண்டே வந்தது. இடுப்பளவு இருந்தது முட்டியளவு ஆனது. கடைசியில் முன் வளைவைத் தாண்டி அவன் காலடிக்கு வந்து, "மியாவ்" என்றது.

சாதாரணப் பூனை. அதுவும் நோஞ்சான்.

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"பூனைக்கு உங்க சட்டதிட்டம் எல்லாம் தெரியாது போல" என்றாள் அத்தை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் தடுக்குமுன் நடைபாதைக்குள் போய்விட்டாள்.

ரேடியோ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அத்தை நடக்க நடக்க வளர்ந்தாள். முதல் பொம்மைக்குத் தோள் அளவு இருந்தவள், அடுத்ததற்குச் சமமானாள், அதற்கடுத்ததைத் தாண்டினாள். நாலே எட்டில் நடைபாதையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்து திரும்பி நின்றாள். பார்த்தால் அவள் தலை வளைவில் முட்டுகிறது! விரல் அளவு என்று நினைத்த பொம்மை அவள் இடுப்புக்கு நின்றது. விளக்கு அந்தப் பொம்மைக்காக வைத்தது. அத்தையின் நெஞ்சு வரைதான் எட்டியது. முகம் இருட்டுக்குள் போய்விட்டது.

"எப்படி இருக்கேன் மருமகனே?" என்று அந்த முகமில்லாத உயரம் கேட்டது.

"வழக்கம் போலத்தான் அத்தை. பேய் மாதிரி" என்றான். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

செட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். இனி மறைத்து என்ன? பின்னால் போகப் போகத் தரை மேலே ஏறும், கூரை கீழே இறங்கும், சுவர் ரெண்டும் நெருங்கும், பொம்மை சின்னதாகும். நாற்காலியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தூரமாகத் தெரியும். உண்மையில் ஒரு சின்ன அறையின் நீளம்தான். "மனுஷன் எவனும் உள்ளே போய் நிக்கக் கூடாது தம்பி. நின்னா ராட்சசன் ஆயிடுவான், என் மானமும் போயிடும்."

"அப்போ நீங்கதான் நின்னீங்க!" ரேடியோ எழுந்தே விட்டான்.

"நானா? அந்தக் கடைசி வளைவு எவ்வளவு அகலம்னு போய்ப் பாரு. என் தொந்தி நுழையுமா? அத்தனை பொம்மைகளையும் வெளியிலயே வெச்சு உடுத்தி, ஒல்லியா ஒரு பையனை விட்டு உள்ளே நிறுத்தினேன்."

அத்தை உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "இங்கே ஒரு கதவு இருக்கே?"

"இருக்கும்மா. வெளியே போக வழி இல்லாம நான் செட் போட்டதே இல்லை. மேடைன்னா நடிகன் ஒருத்தன் எந்தப் பக்கமாவது போய்த்தானே ஆகணும்? கை தன்னாலே ஒரு கதவை வெச்சிடும். அதுக்குப் பின்னால கிட்டங்கி, சாமான் போட்டு வெக்கிற இடம். கட்டடத்துல பாதி அதுதான்."

"கட்டடத்துல பாதி!" என்றாள் அத்தை. "பின்னால அவ்வளவு இடம் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு, இந்த நடைபாதை நீளம் பொய்னும் தெரிஞ்சிருக்குமே. டிசைனருக்கு ஏன் தெரியலை?"

"அவங்க பின்பக்கம் வந்ததே இல்லை. அவங்க அக்கா சாமான் எல்லாம் அங்கேதான் கிடக்கு. சாவியை என் கையில கொடுத்தப்போகூட வேற பக்கம் பார்த்துக்கிட்டுத்தான் கொடுத்தாங்க. இன்னொரு சாவி வீட்டுல இருக்கு."

ரேடியோவும் குனிந்து குனிந்து உள்ளே போனான். நாற்காலியிலிருந்து பார்த்தபோது முடிவில்லாத பாதை. உள்ளே வந்தால் பிளைவுட்டும் ஆணியும் பெயிண்டும். கடைசி வளைவில் அத்தை பக்கத்தில் நின்று நிமிர்ந்தபோது தலை நன்றாகவே இடித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நிஜமான வெயில். மேலே ஒரு சின்ன ஜன்னல், சந்துப் பக்கம் ஒரு கதவு, மடித்து வைத்த அட்டைப் பெட்டிகள். மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. எல்லாவற்றின் மேலும் தூசி. அந்தப் பெட்டி மூடியின் மேல் மட்டும் இல்லை.

அத்தை திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீல உடை மடித்து வைத்திருந்தது. விரித்துப் பிடித்தாள். முதுகுப் பக்கம் கொக்கி இல்லை. கொக்கி வர வேண்டிய இடத்தில் வரிசையாக ஊக்குகள் குத்தியிருந்தன. கீழ்ப்பக்கம் பாவாடையை நன்றாக மேலே மடித்து, பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டிருந்தது.

"இதைப் பாரு மருமகனே. விளக்குக் கம்பம் மாதிரி ஒரு பேய், தனக்குன்னு அளவெடுத்துத் தைச்ச உடுப்பை எதுக்குக் குட்டையாக்கணும்?"

"செத்தப்புறம் உயரம் குறைஞ்சிருக்கும்."

"இல்லை. உயிரோட இருக்கிறவ ஒருத்தி தடுக்கி விழுந்திருப்பா." அத்தையின் குரலில் கிண்டல் இல்லை. "போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா."

டிசைனர் நடைபாதை வழியாக வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிச் சந்து வழியாக வந்தாள். கதவைச் செட்டுக்காரர் திறந்துவிட்டார். வாசற்படியிலேயே அவள் நின்றுவிட்டாள். ஒரு வருஷமாகத் தாண்டாத படி. ரேடியோ வாயைத் திறக்கவில்லை. இதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும், அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

"யாருன்னு நான் சொல்லப் போறதில்லை" என்றாள் அத்தை. "நீங்க தையல்காரி. நீங்களே படிச்சுக்கங்க."

டிசைனர் உள்ளே வந்தாள். நீலத்தைக் கையில் வாங்கினாள். விரல் கீழ் மடிப்பைத் தேடிப் போயிற்று. தையல் மேலேயே விரல் மெல்ல நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி நகர்ந்தது.

"முடிச்சே இல்லை" என்றாள். "ஆரம்பத்துலயும் இல்லை, முடிவுலயும் இல்லை. அதுக்குப் பதில் நடுநடுவே ஒரு சின்னத் தையல் பின்னால போய் வருது." உட்கார்ந்துவிட்டாள். "முடிச்சுப் போட்டா துணிக்கு வலிக்கும்டின்னு சொல்லித்தான் எங்க ரெண்டு பேருக்கும் ஊசி பிடிக்கக் கத்துக்கொடுத்தாங்க. இது அம்மா. அம்மா தையல்."

சந்துப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. திறந்து கிடந்த கதவைப் பார்த்துக் காலடி தயங்கியது. பிறகு அந்தச் சின்ன அம்மாள் வாசலில் வந்து நின்றாள், கையில் சாவியோடு. மகள் மடியில் நீல உடை கிடப்பதைப் பார்த்தாள். ஓடவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"நீயா அங்கே உட்கார்ந்திருந்தே?" என்றாள். "முன்னால இருட்டா இருந்துச்சு. எனக்குத் தெரியலைடி. பயந்துட்டியா?"

"ஏம்மா?" என்று மட்டும் கேட்க முடிந்தது டிசைனரால்.

"முதல் நாள் சும்மா அவ பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் வந்தேன். நீலத்தை எடுத்து மேல போட்டுப் பார்த்தேன். இந்தக் கதவு இருந்துச்சு, திறந்தேன். அந்தப் பக்கம் தூரத்துல கண்ணாடி. அதுல..." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அதுல அவ நின்னாடி. அதே உயரம். தலை முட்டிக்கிட்டு நின்னா. முகம் தெரியலை. தெரியாததுனாலதான் அவளாவே இருந்தா. நான் கையைத் தூக்கினா அவளும் தூக்கினா. ஒரு அடி முன்னால வெச்சேன், உடனே குறைஞ்சு போயிட்டா. அதனால நகராம நின்னு பார்த்துட்டுப் போயிடுவேன். கொஞ்ச நேரம்தான்."

செட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயுசு பூராவும் கைதட்டலுக்காக செட் போட்டவர். இப்படி ஒருத்தி பார்ப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

"நான்தானேம்மா அவளை அனுப்பினேன்" என்றாள் டிசைனர். ஒரு வருஷம் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. "அதுக்குத்தானே நீ என்கிட்ட பேசறதில்லை? சாப்பிட்டியான்னுகூடக் கேட்கிறதில்லை?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உன் மேல கோபமா? எனக்கா? பைத்தியக்காரி. உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே கேட்டுப் பழக்கம். வாசல்ல வந்து வாயைத் திறப்பேன், பாதி வார்த்தை வெளிய வராது. ஒருத்தியை மட்டும் எப்படிடி கேட்பேன்?"

டிசைனர் எழுந்தாள். உடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு செட்டுக்காரரிடம், "பிரிக்க வேண்டாம் சார்" என்றாள். அத்தையிடம், "அம்மாவை முன்பக்கம் கூட்டிட்டுப் போங்க மேடம். அந்த நாற்காலியில உட்கார வைங்க. அவங்க இதை முன்னாலயிருந்து பார்த்ததே இல்லை. முதல்ல எனக்கு முதுகுல ஊக்கு மட்டும் குத்தி விட்டுட்டுப் போங்க" என்றாள்.

அம்மா தனக்காகத் தைத்துக்கொண்ட மடிப்பு அவளுக்கும் சரியாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே உயரம்தானே.

சிவப்பு நாற்காலியில் அம்மா உட்கார்ந்தபோது கால் தரையில் பாவவில்லை. ரேடியோ கேரியரை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். யாரும் சொல்லாமல், தானாக. எதிரே வளைவுகள் வரிசையாக மங்கி மங்கி எங்கோ போயின. பொய் என்று அவனுக்குத் தெரியும். நாலே எட்டு, பிளைவுட், ஆணி. தெரிந்தும் முதுகு சில்லிட்டது.

கடைசி வளைவில் கதவு திறந்தது. அவள் வந்து நின்றாள்.

நீலம் விளக்கில் மினுங்கியது. தலை வளைவில் முட்டியது. நெஞ்சுக்கு மேலே இருட்டு. ஊர் பார்த்து மறந்துபோன அந்த உயரமான பெண், ஒரு பக்கம் இடுப்பை லேசாகச் சாய்த்து, நடக்கப் போகிறவள் மாதிரி நின்றாள். தங்கைக்கு அந்த நிற்கிற விதம் தெரியாதா என்ன? பார்த்துப் பார்த்துத் தைத்தவள் அல்லவா?

அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. இந்தத் தடவை கண்ணாடியில் இல்லை, நேருக்கு நேராக. வெகுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. வாசலில் நின்று கத்துகிற அதே குரல்தான், நடுவில் மட்டும் ஒரு இடத்தில் உடைந்தது.

"சாப்பிட்டீங்களாடி, ரெண்டு பேரும்?"

தூரத்தில் அந்த நீலம் ஒரு தடவை குலுங்கியது. அங்கேயிருந்து பதில் வந்தது.

"இல்லைம்மா."

அவள் நடந்து வந்தாள். வர வர உயரம் குறைந்தது. வளைவு தலையை விட்டு விலகியது, இருட்டிலிருந்து முகம் வெளியே வந்தது, கண்ணீரோடு ஒரு சின்னப் பெண்ணின் முகம். முன் வளைவைத் தாண்டியபோது அவள் அம்மாவின் உயரம்தான் இருந்தாள். காலடியில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்தாள்.

அம்மா ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கேரியரைத் திறந்தாள்.